படத்தில் நீ எழுந்திருக்கவில்லை

வன்னியம்பட்டி
வெகுதானிய வருடம், ஆவணி 6

சிரஞ்சீவி சேதுபதிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் மாடு கன்றுகளும் சுகம். உன் அம்மா சுகமா இல்லையா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ பட்டணம் போய் ரெண்டு ஆடிப்பூரத் தேரும் ஓடி முடிந்தது, உன் சுகத்தை இதைக் கண்டதும் எழுது.

நீ நடித்த படம் ராஜபாளையம் டெண்டுக் கொட்டகைக்கு வந்திருப்பதாகத் தமுக்கடித்துச் சொன்னார்கள், வண்டி கட்டிக்கொண்டு போனோம். அடேயப்பா, என்னத்தைச் சொல்ல. இதே கதையை மடவார் வளாகம் கோயில் திடலில் நீ நாடகமாக ஆடியபோது காடு என்றால் ஒரு படுதா, மழை என்றால் உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டுவார்கள், நாமும் நனைந்ததாக நினைத்துக்கொள்வோம். இங்கே நிசக் காடு, நிச மழை, நீ குதிரையில் வருகிற வேகத்துக்கு முன்னால் இருந்த சனம் காலை மடக்கிக்கொண்டது, நானும்தான். நாடகத்தில் காஸ் லைட்டு வெளிச்சத்தில் அரிதாரம் தெரியும், உன் முகம் எங்கே தெரிந்தது? இதில் உன் முகம் தேர்ச்சக்கரம் தண்டிக்குப் பெரிதாக வந்து நின்றது, சின்னதில் கிணற்றடியில் கமலைக் கல்லில் விழுந்த புருவத் தழும்பு முதற்கொண்டு தெரிந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எம்புட்டுப் பெரிசா இருக்கான் பாருங்க, நான் பெத்த பிள்ளையா இது என்றாள். பாட்டு மட்டும் நாடகத்துக்கு ஒரு மாற்றுக் குறைவுதான், ஆர்மோனியக்காரரோடு நீ மல்லுக்கட்டிப் பாடுகிற சுகம் இதில் இல்லை.

அப்புறம் நீ விஷம் குடிக்கிற கட்டம். நாடகத்தில் நீ செத்து விழுந்ததும் சனம் ஒன்ஸ்மோர் என்று கத்தும், நீயும் எழுந்து ஒரு கும்பிடு போட்டு அந்தப் பாட்டை இன்னொரு தரம் பாடிவிட்டு மறுபடி சாவாய், உன் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தப் பழக்கத்தில் நான் எழுந்து நின்று ஒன்ஸ்மோர் என்று ஒரு சத்தம் போட்டேன், கொட்டகையே கூடச் சேர்ந்து கத்தியது. நீ எழுந்திருக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள், படம் அது பாட்டுக்கு ஓடியது. உன் அம்மா வண்டியில் வீடு வந்து சேரும்வரை கொட்டகைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பொழுது சாய்கையில் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். ஒரு தரம் பார்த்தது பற்றவில்லையாக்கும் என்று கேலி செய்தேன். அதற்கு அவள், பொம்மைன்னு எனக்கும் தெரியும், ஆனாலும் பிள்ளை சாகையில பக்கத்துல நம்மாளு ஒருத்தர் இருக்க வேண்டாமா என்றாள். நான் போய் வண்டியைக் கட்டினேன். அன்றிலிருந்து தினமும் போகிறாள். குதிரை, மழை ஒன்றையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, அந்தக் கட்டம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து உன்னைத் தூக்கிப் போகும்வரை கண்ணெடுக்காமல் இருக்கிறாள். படத்தைப் பார்த்து வாய் பிளந்த நான் இப்போது அவளைப் பார்த்துத்தான் மலைத்துப்போய் இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, குதிரையிடம் வீரம் காட்டாதே. ஆண்டாள் உன்னைக் குறைவில்லாமல் வைக்கட்டும். நாளை படப்பெட்டி சங்கரன்கோவிலுக்குப் போகிறது, அவளும் போகவேண்டுமாம், கட்டுச்சோறு கட்டிவிட்டாள். அதற்கப்புறம் எந்த ஊர் என்றும் கொட்டகைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறாள். நீ நேரில் வந்து அவள் கையால் ஒரு வாய் சாப்பிட்டால் ஒழிய இப்படிப் போவதை நிறுத்தமாட்டாள். உடனே புறப்பட்டு வா. வீடு பூட்டிக் கிடந்தால், உன் படம் எந்த ஊரில் ஓடுகிறதோ அங்கே வந்து எங்களைத் தேடு.

இப்படிக்கு
உன் அப்பா
பால்ச்சாமி