இடது மணிக்கட்டு

மே 4

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வந்ததும் எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஆபீஸ் போனில் பேசலாமாம், மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். அவர் காதை வைத்துக்கொண்டு உன்னிடம் என்ன பேசுவது? அதனால்தான் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

எனக்கும் நம் தெரு நெட்டைக்கும் ஒரே அறை. அவன் கொஞ்சம் மீசை வேறு விட்டிருக்கிறான் அல்லவா, சமையல்காரர் கோச் என்று நினைத்து, "சார், உங்களுக்குத் தனியா எடுத்து வைக்கவா?" என்று கேட்டுவிட்டார். இவனும் கூச்சமே இல்லாமல் "வைங்க" என்றான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இது பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான கண்டக் கோப்பை. கண்டத்துக் கால்பந்துக் கூட்டமைப்பு எல்லா நாட்டுப் பையன்களுக்கும் இடது மணிக்கட்டை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறது. எலும்பு நுனியில் ஒரு கோடு இருக்குமாம். வளர்ந்து முடித்தவனுக்கு அது மறைந்துவிடுமாம். மறைந்திருந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எங்களுக்குப் பன்னிரண்டாம் தேதி.

காகிதத்தில் எனக்குப் பதினாறு. உண்மையில் பதினெட்டு என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். என்ன செய்யட்டும்?

தம்பி

மே 9

டேய் ஒல்லி,

பயப்படாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது மூன்றாவது.

உன்னைப் பயிற்சியில் சேர்க்க நான் நிரப்பிக் கொடுத்த அந்த விண்ணப்பப் பாரத்தைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அம்மா போய் ஒரு வருடம். அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. கால்பந்து மாஸ்டர் மைதானத்தில் பாரத்தை நீட்டி, "ஒன்பது வயசுக்குள்ள இருக்கற பசங்களுக்கு மட்டும்தாம்மா பயிற்சி முடிஞ்சதும் முட்டையும் பாலும். பெரிய பசங்களுக்குக் கிடையாது. இவனுக்கு எத்தனை?" என்றார். உனக்குப் பத்து. நான் எட்டு என்று எழுதினேன். அவர் உன்னை ஒரு பார்வை பார்த்தார், வாங்கிக்கொண்டார். உன்னைப் பார்த்தால் ஆறு என்றாலும் நம்பியிருப்பார்கள்.

முட்டைக்காக எழுதினேன். பந்துக்காக இல்லை. நீ நாட்டுக்கே ஆடப்போகிறாய் என்று அப்போது எவள் கண்டாள்?

வாயைத் திறக்காதே. மாட்டிக்கொண்டால் அக்காவைக் கேளுங்கள் என்று சொல்லிவிடு. நெட்டையின் அம்மா எங்கள் தையல் கம்பெனி லைனில், தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில்தான் நிற்கிறார். "நம்ம பசங்க ரெண்டு பேரும்" என்று சூப்பர்வைசரையே நிறுத்தி வைத்துக் கதை சொல்கிறார். அந்த ஆளும் கேட்டுத் தொலைக்கிறான். ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா

மே 14

அக்கா,

தேறிவிட்டேன்! குப்புறப் படுக்கவைத்து, கையை முன்னால் நீட்டச் சொல்லி, ஒரு குழாய்க்குள் தள்ளினார்கள். உள்ளே யாரோ தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம். டாக்டர் படத்தைப் பார்த்து, "கோடு நல்லாவே தெரியுதே. பதினஞ்சுன்னுகூடச் சொல்லலாம்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "சின்ன வயசுல ஒழுங்கா சாப்பாடு கிடைச்சுதாப்பா?" என்றார். கிடைத்தது என்றேன். சாப்பாடு இல்லாமல் வளர்ந்தால் எலும்பு பின்தங்கிவிடுமாம், வயதைக் காட்டாதாம். அதை மெதுவாகத்தான் சொன்னார், எழுதவில்லை.

நெட்டை தேறவில்லை. கோடு முழுக்க மறைந்துவிட்டதாம். அவனுக்கு நிஜமாகவே பதினாறு, எனக்குத் தெரியும். சில பேருக்குச் சீக்கிரமே மறைந்துவிடுமாம், ஆனால் சட்டத்தில் அதற்கு இடமில்லையாம். மேனேஜர் எல்லோர் முன்னாலும், "எத்தனை பிள்ளைக்கு அப்பன்டா நீ?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்றே அனுப்பிவிட்டார்கள்.

தம்பி

மே 19

தம்பிக்கு,

நெட்டை வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. பத்திரிகையில் ஒரு வரி வந்தது, "வயது மோசடி, வீரர் நீக்கம்" என்று. எங்கள் லைனில் அதைக் கத்தரித்து அவன் அம்மாவின் மேசையில் ஒட்டிவிட்டார்கள். ஒட்டியது யார் என்று தெரியும். இங்கே ஒருத்தி கீழே விழுந்தால் பத்துப் பேருக்கு அன்றைக்குச் சாப்பிட்டது செரிக்கும்.

நெட்டை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு அவன் அம்மா கால்பந்து ஆபீசுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். குளிரூட்டிய அறை. சுவர் முழுக்கக் கோப்பையோடு கை குலுக்கும் படங்கள். அங்கே இருந்தவர் அட்டையைத் தொடக்கூட இல்லை. "அட்டை பொய் சொல்லும்மா. எலும்பு பொய் சொல்லாது. ஸ்கேன் தப்பாகும்னு நிரூபிக்க உங்ககிட்ட ஏதாவது இருந்தா இருபத்தெட்டாம் தேதிக்குள்ள மேல்முறையீடு போடுங்க" என்றார்.

அந்த அம்மாவிடம் ஒன்றும் இல்லை. என்னிடம் இருக்கிறது. அம்மாவின் கைநாட்டோடு உன்னுடைய ஆஸ்பத்திரி அட்டை, பெட்டிக்கு அடியில். பதினெட்டு வயதுப் பையனை அந்த இயந்திரம் பதினைந்து என்று சொன்னதற்கு இந்த உலகத்தில் உள்ள ஒரே சாட்சி.

உன்னைக் கேட்காமல் கொடுக்க மனம் வரவில்லை. நீ சொல்.

அக்கா

மே 23

அக்கா,

என்னை ஏன் கேட்கிறாய்? பாரம் எழுதும்போது கேட்டாயா?

இங்கே வெளிநாட்டு கிளப் ஆள் ஒருவர் தினமும் நோட்டோடு வந்து உட்காருகிறார். நேற்று என் நம்பரைக் கோச்சிடம் கேட்டார். அடுத்த மாதம் பத்தாம் தேதி முதல் ஆட்டம். நான் முதல் பதினொன்றில் இருக்கிறேன். எட்டு வருடமாக விடியலில் எழுந்து ஓடியது என் கால்தானே, அந்தப் பாரம் ஓடவில்லையே?

கூட்டமைப்பு ஆட்கள் வந்தார்கள். "நேர்மை" என்று எழுதி ஒரு பெரிய பலகையை மைதானத்தில் நட்டுவிட்டுப் போனார்கள். அதைச் சுமந்து வந்த கூலியாட்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இவர்களிடமா உண்மையைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாய்? வாங்கிக்கொண்டு நம் இரண்டு பேரையும் குப்பையில் போடுவார்கள்.

நெட்டைக்கு அம்மா இருக்கிறார். எனக்கு நீதான் இருக்கிறாய் என்று நினைத்தேன். கொடுக்காதே.

தம்பி

மே 27

கண்ணா,

நேற்று லீவு சொல்லிவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் போனேன், தெரியாமல் இல்லை. நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த டாக்டர் கேட்டது என்னை விடவில்லை. உன் எலும்பு பின்தங்கியதற்குக் காரணம் நம் வீட்டு அடுப்பு. அந்தப் பசிதான் உன்னை உள்ளே விட்டது. வயிறாரச் சாப்பிட்டு வளர்ந்தவனைத் திருடன் என்கிறார்கள். தினம் எட்டு மணி நேரம் அவன் அம்மா என் எதிரே நின்று சட்டையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். நான் நிமிர்ந்து பார்க்க வேண்டாமா?

பாரத்தை எழுதியது நான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பையனுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரிந்து ஆடினால் இரண்டு வருடம் தடை, தெரியாமல் என்றால் இந்தக் கோப்பை மட்டும்தான் போகும். உன்னையும் கேட்பார்கள். தெரியாது என்று சொல். இந்த ஒன்றிலாவது நான் சொல்வதைக் கேள்.

இதற்குப் பதில் எழுதப் பிடிக்கவில்லை என்றால் எழுதாதே.

அக்கா

ஜூன் 6

அக்கா,

மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார்கள். உன் கடிதம் முந்தின நாளே வந்துவிட்டது. தெரியாது என்று சொல்லத்தான் உள்ளே போனேன்.

அட்டை மேசைமேல் கிடந்தது. "இதுல குழந்தை பேரே இல்லையே. 'ஆண் குழந்தை'ன்னுதான் இருக்கு. இது உன்னோடதுன்னு என்ன நிச்சயம்?" என்றார் ஒருவர். இன்னொருவர், "பையனுக்கே தெரியாதுன்னா இதைத் தள்ளிடலாம். அந்த இன்னொரு பையனோட மேல்முறையீடும் அதோட முடிஞ்சுது" என்றார். எனக்கு வழி விடுகிறாராம். தலையை ஆட்டினால் போதும், பத்தாம் தேதி ஆடலாம்.

என்னுடையதுதான் என்றேன். பாரம் எழுதிய அன்று எனக்குப் பத்து வயது, பக்கத்தில் நின்று பார்த்தேன், அம்மா செத்தபோது ஒன்பது, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றேன். இவ்வளவு நாளும் தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன். எழுதிக்கொண்டார்கள். இரண்டு வருடம்.

நெட்டையின் வழக்கை மறுபடி பார்ப்பார்களாம். எப்போது என்று சொல்லவில்லை. கோப்பை முடிந்த பிறகு என்றாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மேனேஜர் பூட்டி வைத்திருந்த என் போனைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். வியாழக்கிழமை மதியம் வீட்டில் இருப்பேன்.

கடைசியில் அந்த மூவரில் வயதானவர் பேனாவை மூடாமல், "உங்க அக்கா மேல வருத்தம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. அது எங்க வீட்டு விஷயம் சார். அதை எழுதாதீங்க" என்றேன்.

தம்பி