அம்மா பெயரில் வரும் விமர்சனங்கள்

அப்பா,

அம்மா இறந்து இன்றோடு இருபத்தாறு நாள். சோறு குக்கரில் இருக்கிறது. வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வையுங்கள். ஆய்வகத்திலிருந்து ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

சினிமா இணையதளத்தில் அம்மாவின் கணக்கிலிருந்து இன்னும் தினமும் கருத்து வருகிறது. "விமர்சகர் போஸ்டரை மட்டும் பார்த்துட்டு நாலு நட்சத்திரம் குடுத்துட்டார்." "நாயகி அழறது பல்வலி மாதிரி இருக்கு." அச்சு அசல் அம்மா. படித்துவிட்டு நீங்களும் சிரித்தீர்கள். நீங்கள்தான் எழுதுகிறீர்கள் என்று நினைத்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு நீங்கள் கோபமாக, "போதும் பாப்பா, அம்மா பேர்ல எழுதுறதை நிறுத்து" என்றீர்கள்.

பால் காய்ச்சியாகிவிட்டது.

பி.கு.: நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு வந்த கருத்தை இன்று காலைதான் படித்தேன். "சீரியல் இழுக்குற இழுப்புல இவர் கண்ணாடியைக்கூடக் கழட்டாம சோபாவுல தூங்கிட்டார்."

மாலை நான் வந்தபோது உங்கள் மூக்கில் கண்ணாடி அழுந்திய தடம் இருந்தது. மூன்று மணிக்கு வீட்டில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள்.

அப்பா, அதில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை.