அடுப்பில் ஏறாத இனிப்பு

கல்லிடைக்குறிச்சி,
17.3.1996

அன்புள்ள ரைஹானத்துக்கு,

ஹரிஹரசுப்பிரமணியன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மஸ்கட்டில் நீயும் ஸ்ரீவத்ஸனும் குழந்தை ப்ரீதாவும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே நானும் உன் மாமியார் சுப்புலக்ஷ்மியும் சுகம். உங்கள் கல்யாணமாகி நான்கு வருஷத்தில் உன் பெயருக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இதற்கு முன் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன்.

ஸ்ரீவத்ஸன் கடிதம் வந்தது. மே மாதம் மேலப்பாளையத்தில் உன் தாயார் வீட்டில் தங்கப்போவதாகவும், ஒரு நாள் குழந்தையை மட்டும் இங்கே அழைத்து வருவதாகவும் எழுதியிருக்கிறான். நீ வருவதாக இல்லை. ஏன் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

வேறு ஒரு விஷயம் சொல்கிறேன். கொழுப்பு கூடியிருக்கிறதென்று டாக்டர் எனக்கு நெய்யையும் பாலையும் நிறுத்திவிட்டார். இனிப்பில்லாமல் இருக்கத் தெரியாதவன் நான். அம்பாசமுத்திரத்தில் மூன்று நாள் இயற்கை உணவு முகாமுக்குப் போனேன். அங்கே அடுப்பே கிடையாது. தேனைக்கூட, அது தேனீயுடையது என்று சேர்க்கவில்லை. கல்லூரியில் வேதியியல் நடத்திய பழக்கத்தில் எல்லாவற்றையும் அளவோடு குறித்துக்கொண்டு வந்தேன்.

கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நூறு கிராம். துருவிய தேங்காய் ஒரு மூடி. எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் உரித்த பாதாம் பருப்பு பதினைந்து. ஏலக்காய் இரண்டு. சேர்த்து அரைத்து, உருட்டி, வெள்ளை எள்ளில் புரட்ட வேண்டியதுதான். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. நான் முதல் தடவை விட்டுவிட்டேன். சுப்புலக்ஷ்மி எட்டிப் பார்த்து, “சட்னி ஆயாச்சு, இட்லி எங்கே வச்சிருக்கேள்?” என்று கேட்டாள்.

முகாமில் நேசையா என்று ஒரு நண்பர் கிடைத்தார். பாளையங்கோட்டைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். போன வாரம் தன் கையால் செய்த உருண்டைகளோடு வந்தார். கிறிஸ்தவர் வீட்டுப் பண்டமாயிற்றே என்று நான் பயந்துகொண்டிருக்க, சுப்புலக்ஷ்மி இரண்டு எடுத்துத் தின்றாள். அவர் போனபிறகு நான் பார்த்த பார்வைக்கு, “அடுப்புல ஏறாததுக்கு ஏது பத்து?” என்றாள். உனக்கு இது புதிதாயிருக்கும். நெருப்பில் வெந்த பண்டத்துக்குத்தான் பத்து. அதைத்தான் இன்னார் கையால் சாப்பிடலாம், இன்னார் கையால் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. ஆனால் எதையும் சரிபார்க்காமல் பேச மாட்டேனே. அவலும் கருப்பட்டியும் வைத்து இன்னொரு இனிப்பு உண்டே என்று மறுநாள் நேசையாவிடம் போனில் கேட்டேன். “என்னவே வாத்தியாரே! நெல்லை வறுத்துல்லா அவல் இடிக்கான். கருப்பட்டியைக் காய்ச்சாம வானத்துல இருந்தா எடுக்கான்?” என்று சிரித்தார். இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். சுப்புலக்ஷ்மியின் கணக்கில் அவை இரண்டும் கூடும் என்பது வேறு விஷயம். இரண்டு பேர் விதிக்கும் பொருந்தி நின்றது பேரீச்சம்பழ உருண்டைதான்.

சுப்புலக்ஷ்மியிடம் அதைக் கேட்பதற்கு நாலு நாள் ஆயிற்று. அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “அப்படின்னா, நம்ம ரைஹானத் பண்ணினா?” என்றேன். “நான் வேண்டாம்னா சொன்னேன்?” என்றாள், நிமிராமல். காய் முழுதும் நறுக்கி முடிந்தபிறகு, “பேரீச்சம்பழத்தை அவளையே அங்கேயிருந்து கொண்டுவரச் சொல்லுங்கோ. இங்கே கடையில விக்கறது பூரா மண்ணு” என்றாள்.

உடனே உனக்கு எழுத உட்கார்ந்தேன். அளவுகளை எழுதி முடித்ததும்தான் சந்தேகம் வந்தது. என்ன கேட்கிறேன் உன்னிடம்? நெருப்பைத் தொடாதே, அப்போது சாப்பிடுகிறோம் என்றா? இதை உபகாரம் என்று நினைத்துச் செய்கிறேனா, பழைய அவமானத்தையே கிராம் கணக்கில் நிறுத்து அனுப்புகிறேனா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மூன்று தாள் கிழிந்தது இந்த இடத்தில்தான்.

நீ முதன்முதல் வந்த அன்று சேமியா பாயசம் வைத்தாய். சுப்புலக்ஷ்மி ஏகாதசி விரதம் என்றாள். தினமும் பஞ்சாங்கம் பார்க்கிறவன் நான், அன்று தசமி. எனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை, அம்மா. அவளுக்காவது ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு இருந்தது பயம் மட்டும்தான்.

ஆகவே உருண்டை செய்வதும் செய்யாததும் உன் விருப்பம். பழம் கொண்டுவராவிட்டாலும் பாதகமில்லை. நீ வர வேண்டும். வந்து அடுப்பைப் பற்றவைத்து உனக்குப் பிடித்ததைச் சமைத்தாலும் சரி. சுப்புலக்ஷ்மி அன்று என்ன செய்வாள் என்று என்னால் சொல்ல முடியாது. நான் இலை போட்டு உட்கார்ந்திருப்பேன்.

குழந்தையும் நீங்களும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். பதில் ஒரு வரி போதும். அதை ஸ்ரீவத்ஸன் எழுதாமல் நீ எழுது.

உன் மாமனார்,
ஹரிஹரசுப்பிரமணியன்