ராகித் தாளில் ஓடும் ஜீப்

கெம்பரஹள்ளி
1-12-1996

மரியாதைக்குரிய மாஸ்டர் அவர்களுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். லிங்கராஜபுரம் முழுக்க உங்களை மாஸ்டர் என்கிறபோது கட்டினவள் மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? கோபம் இன்னும் தீரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவிங் ஸ்கூல் பிள்ளைகள் நாலு பேர் முன்னால், "ஐரின், உனக்கு வண்டி வராது, எறங்கு" என்றீர்கள். இறங்கினவள்தான், இந்தக் கிராமத்து ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து இறங்கிவிட்டேன்.

இங்கே ஜீப் ஓட்டப் பழகுகிறேன். சிரிக்காதீர்கள். சுற்றிப் பதினோரு ஊருக்கு நர்ஸ்தான் ஜீப் எடுத்துப் போகணும். ஜனவரிக்குள் லைசென்ஸ் வாங்காவிட்டால் டாக்டரம்மா என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்.

சொல்லித் தருகிறவள் லட்சுமம்மா. என் வயசுதான், டிராக்டர் ஓட்டுகிறாள். ஒரே ஒரு நிபந்தனை: அவள் கதிரோடு அறுத்து ரோட்டில் பரப்பி வைக்கிற ராகித் தாள் மேல்தான் நான் பழக வேண்டும். சக்கரம் ஏறி ஏறி மணி உதிருமாம். தாள் மேல் ஏறிப் போக இங்கே பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் வரும், அதனால் நான் அவளுக்கு வசதி.

ஒன்று கேட்க வேண்டும். வண்டியை நிறுத்த வேண்டிய நேரத்தில் என் கால் அப்படியே நின்றுவிடுகிறது, தலை மட்டும் இடதுபக்கம் திரும்புகிறது. லட்சுமம்மா கன்னடம் கலந்து கத்துகிறாள்: "யாரம்மா அல்லி? அங்கே யாரைத் தேடறே?" எனக்கே தெரியவில்லை. ஏன் இப்படி?

ஐரின்


லிங்கராஜபுரம்
9-12-1996

அன்புள்ள ஐரினுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதினெட்டு வருஷமாக வண்டி சொல்லித் தருகிறேன், ராகி மேல் ஓட்டி யாரும் பழகிப் பார்த்ததில்லை. தாளில் சக்கரம் வழுக்காதா? எந்த கியரில் போகிறாய்? டயர் ஏறினால் மணி நசுங்காதா? விவரமாக எழுது.

தலை திரும்புவதெல்லாம் பழக்கதோஷம். போகப் போகச் சரியாகும். சரியாகாவிட்டாலும் என்ன, ஜனவரியில் வீட்டுக்கு வந்துவிடு. உன்னைப் பற்றிப் பக்கத்து வீட்டு டோரீன் அக்கா தினமும் விசாரிக்கிறார். கிறிஸ்மஸ் கேக் மாவைக் கலந்து பேக்கரியில் சுடக் கொடுக்க வேண்டும், எனக்கு எத்தனை முட்டை என்றுகூடத் தெரியாது.

டெஸ்மண்ட்


கெம்பரஹள்ளி
17-12-1996

மாஸ்டர் அவர்களுக்கு,

முட்டை பன்னிரண்டு. கியர் இரண்டு. மணி நசுங்காது, தாள் மெத்தை மாதிரி இருக்கிறது. வழுக்கும், நன்றாகவே வழுக்கும்.

நேற்று லட்சுமம்மா குனிந்து தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் வருவதைப் பார்க்கவில்லை. நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, தலை இடதுபக்கம் போய்விட்டது. எப்படியோ ஸ்டீயரிங்கை ஒடித்து வைக்கோல் போரில் முட்டினேன். அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். லைசென்ஸ் வராவிட்டால் போகட்டும், ஒரு உயிர் போனால் என்ன செய்வேன்?

டெஸ்ட் ஜனவரி ஏழாம் தேதி. உங்களுக்குக் காரணம் தெரியும் என்று நினைக்கிறேன். இந்த ஒரு தடவை மாஸ்டராகப் பதில் எழுதுங்கள், புருஷனாக வேண்டாம்.

ஐரின்


லிங்கராஜபுரம்
30-12-1996

அன்புள்ள ஐரினுக்கு,

கிறிஸ்மஸ் போய்விட்டது. கேக் செய்யவில்லை.

காரணம் உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். நம் ஸ்கூல் ஃபியட்டில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறதல்லவா? மற்ற பிள்ளைகள் ஓட்டினால் கடைசி நொடிவரை விட்டுப் பார்ப்பேன். நீ உட்கார்ந்தால் மட்டும் என் கால் என் பேச்சைக் கேட்காது. நீ ஓட்டிய அந்தப் பதினைந்து நாளில் ஒரு தடவைகூட நீயாக வண்டியை நிறுத்தவில்லை. எல்லாம் நான் நிறுத்தினது. அதனால்தான் உன் தலை இடதுபக்கம் என்னைத் தேடுகிறது. அப்படிப் பழக்கிவிட்டு, உனக்கு வராது என்று நாலு பேர் முன்னால் சொன்னேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். உன் இரண்டாவது கடிதத்தைப் பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நீ ஃபெயிலானால் வீட்டுக்கு வருவாய் என்று ஆசை. லட்சுமம்மா குனிந்திருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தபிறகு வெட்கமாகப் போய்விட்டது.

இனி மாஸ்டர் சொல்வது. தாள் மேல் பிரேக்கைச் சட்டென்று மிதிக்காதே. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, வண்டி நடை வேகத்துக்கு வரட்டும், அப்புறம் மெல்ல அழுத்து. இடது இருக்கையில் யாரையும் ஏற்றாதே. ஓட்டிப் பழகாதே, நிறுத்திப் பழகு. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை.

டெஸ்மண்ட்


கெம்பரஹள்ளி
8-1-1997

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ஆத்திரத்தில் சாப்பிடவில்லை. மறுநாள் காலை எழுந்து ஐம்பது தடவை நிறுத்தினேன். "ஓட்டறதுக்கு ஜீப்பா, நிறுத்தறதுக்கு ஜீப்பா?" என்று லட்சுமம்மா தலையில் அடித்துக்கொண்டாள். முப்பதாவது தடவையோ என்னவோ, தலை திரும்பவில்லை. கால் தானே போனது. அவ்வளவு சந்தோஷம், வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன்.

நேற்று டெஸ்டில் இன்ஸ்பெக்டர் திடீரென்று "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். பாஸ்.

ஜனவரியில் நான் வரவில்லை. பதினோரு ஊர் இருக்கிறது, இன்னும் ஒரு வருஷமாவது இங்கேதான். மனசு கஷ்டப்படும், தெரியும். எனக்கும் உங்களைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. அதனால் நீங்கள் வாருங்கள். பஸ் நிறுத்தத்துக்கு நானே ஜீப்பில் வந்து ஏற்றிக்கொள்கிறேன். கடைசி ராகி இன்னும் ரோட்டில்தான் கிடக்கிறது, அதன் மேல்தான் வீடு போக வேண்டும்.

ஒன்று மட்டும். ஜீப்பில் உங்கள் பக்கம் பிரேக் கிடையாது. யோசித்து வாருங்கள்.

உங்கள் ஐரின்


லிங்கராஜபுரம்
13-1-1997

அன்புள்ள ஐரினுக்கு,

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து மதியம் பஸ் ஏறுகிறேன். கேக்கும் கொண்டு வருகிறேன், பன்னிரண்டு முட்டை போட்டது.

நன்றாக யோசித்துவிட்டேன். என் காலை நம்புவதற்கில்லை. ஆகவே உன் ஜீப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வருகிறேன்.

டெஸ்மண்ட்