அடுப்போரத்திலிருந்து நான் எழுப்பிவிட்ட அண்ணனுக்கு

அன்புள்ள காதர் அண்ணாவுக்கு,

மார்கழி பிறந்துவிட்டது. பல்லடம் ரோட்டில் நம் பிரிண்டிங் ஷெட்டில் நேற்று மறுபடியும் பிரிண்ட் காய விறகடுப்பை மூட்டினோம். பழைய டிரம்மை வெட்டி நீங்கள் செய்தீர்களே, அதே அடுப்புதான். உங்கள் மேஜையில் இப்போது ஒடிசாக்காரர் ஒருவர் பிரிண்ட் அடிக்கிறார். வேலை சுத்தம், ஆனால் உங்கள் வேகம் இல்லை.

போன வருஷம் இதே பனியில், பனியன் துணியில் அடித்த பிரிண்ட் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், கம்பெனிக்காரர்கள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த எரிச்சலோடு நான் உள்ளே வந்தால், நீங்கள் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது.

“அடுப்பு துணிக்கு வெச்சதுங்கண்ணா, ஆளுக்கு இல்லீங்க” என்றேன், எல்லோர் முன்னாலும்.

“சரிங்க அம்மிணி” என்று எழுந்து போனீர்கள். அதன்பின் ஒருநாள்கூட அங்கே உட்காரவில்லை. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கியபடியே வேலை பார்த்தீர்கள். நான் கவனித்தேன் அண்ணா. கவனித்தும் கூப்பிட வாய் வரவில்லை. முதலாளி என்கிற திமிர்தான், வேறென்ன? உடம்பில் ரத்தம் குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர் சொன்னதை ஏன் என்னிடம் மறைத்தீர்கள்? சொல்லியிருந்தால் மட்டும் இறங்கி வந்திருப்பேனா, தெரியவில்லை.

தை முடிவதற்குள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

போன வாரம் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, “அல்லா உங்களை நல்லா வெக்கணுங்க. கடைசி வரைக்கும் அவரை அடுப்புப் பக்கத்துலயே உக்கார வெச்சீங்களாமே. அந்தச் சூட்டுலதான் வேலையே ஓடுதுன்னு தினமும் சொல்லுவாருங்க” என்றார்.

ஏனண்ணா அப்படிச் சொன்னீர்கள்? அண்ணி வருத்தப்படக் கூடாதென்றா, என் மானம் போகக் கூடாதென்றா?

நானோ, “அதுல என்னங்க அண்ணி இருக்குது” என்று சொல்லி அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். உங்களை எழுப்பிவிட்டதைவிட இதுதான் கேவலம்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறேன். நடந்ததை நடந்தபடி அண்ணியிடம் சொல்லிவிடுவேன். அப்புறம் அவர் என் முகத்தில் முழிக்காவிட்டாலும் சரி. உங்களுக்கு நான் கொடுக்காத சூட்டை, கொடுத்ததாக இனி ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்களுக்குத் தங்கச்சியாக நடந்துகொள்ளாத தங்கச்சி,
மல்லிகா