நாளைக்கு என்கொயரி

பினாங்கில் இருக்கும் உங்களுக்கு,

போன் பண்ண வேண்டாம்னீங்க, பண்ணல. இது உங்க கையில கிடைக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

அங்க பொறந்த நம்ம மகளுக்கு இந்தியக் குடியுரிமை கேட்டு கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தேன். உங்க நாடு தரல; இங்கயும் கிடைக்கலன்னா அவ எந்த நாட்டுப் பிள்ளையும் இல்ல. நாளைக்கு மத்திகிரி வீட்டுக்குப் போலீஸ்காரர் விசாரிக்க வர்றார். அக்கம்பக்கத்துலயும் கேட்பாராம்.

மனுவுல கல்யாணம் ஆகலன்னு உண்மையைத்தான் எழுதினேன். ஆனா அப்படிச் சொன்னா இங்க யார் வீடு தருவாங்க? ஓசூர்ல கவரிங் தாலி வாங்கி நானே கழுத்துல போட்டுக்கிட்டு, புருஷன் மலேசியாவுலன்னு சொல்லித்தான் குடிவந்தேன்.

வீட்டுக்கார பூவம்மாக்கா நல்லவங்க. அதுதான் பயம்.

"நீ ஏன் நடுங்கற? உன் வீட்டுக்காரரை வீடியோ கால்ல என் கண்ணாலயே பாத்தேன்னு சொல்லிடறேன்"ங்கறாங்க. அவங்க அப்படிச் சாட்சி சொன்னா மனு போச்சு. நான் நெசத்தைச் சொன்னா வீடு போச்சு. உண்மையைச் சொல்லிடலாம்னு அவங்க மாடிக்கு ஏறிப் போய், கதவைத் தட்டாமலே இறங்கி வந்துட்டேன்.

இப்ப மாடியில அக்கா உங்க மகளுக்குச் சொல்லிக் கொடுக்கறாங்க: "போலீஸ் மாமா கேட்டா அப்பா பேரைத் தைரியமாச் சொல்லணும்." அவளும் சொல்றா. கீழ வரைக்கும் கேக்குது. நான்தான் ஆசையாச் சொல்லிக் கொடுத்த பேரு.

உங்க குடும்பத்துக்குத் தெரியக்கூடாதுன்னு கேட்டீங்களே, மனுவுல அப்பா பேர் எழுதற இடத்தை வெறுமையா விட்டுட்டேன். அவ வாயிலருந்து எப்படி அழிப்பேன்?

இப்படிக்கு,
உங்க மகளோட அம்மா