தூக்குச்சட்டியில் கட்டிய சீட்டு

ஏட்டி சிட்டு, என் தங்கமே,

இன்னைக்கும் கூட்டாஞ்சோறு கிண்டி, தூக்குச்சட்டியில போட்டு, சீட்டுக் கட்டி, காலை பஸ்ஸுல உனக்குக் கொடுத்துவிட்டேன். காய்ச்சல்ல நீ போய்ச் சேர்ந்தப்புறமும் வெள்ளிக்கிழமை ஆனா கை தானா அரிசி களையுது. நான் என்ன செய்ய?

சாயங்காலம் நடவு முடிஞ்சு ரோட்டுக்கு ஏறினேன். கண்டக்டர் அண்ணாச்சி பஸ்ஸை நிறுத்தி சட்டியை என் கையிலயே திருப்பிக் கொடுத்தாரு.

"ஏம்மா, பாளையங்கோட்டையில வாங்க ஆள் வரல."

"இன்னும் கொஞ்ச நேரம் பாத்திருக்கலாமே அண்ணாச்சி."

"பாத்தேம்மா. பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சுக் கொல்லுதான். உம் மவளை நான் எங்கன போய்த் தேட?" நீ இல்லங்கது அவருக்கும் தெரியும்; வாய் தவறிச் சொன்ன பொறவுதான் என் முகத்தைப் பாத்தாரு. "இனிமே கொடுத்துவிடாதம்மா. என்னால தூக்க முடியல"ன்னாரு, பைய.

மூடியைத் திறந்தேன். புளிச்சுப் போயிருந்துச்சு.

பாளையங்கோட்டையில இன்டர்நெட் கம்பெனியில சேர்ந்த புதுசுல இந்தச் சட்டியை வச்சுத்தானே உன் வேலையை எனக்குச் சொன்னே. "நாம அனுப்புத பேச்சு, படம் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாத்தாம்மா போகும். ஒவ்வொண்ணு தலையிலயும் ஒரு சீட்டு. யாரு அனுப்புதா, யாருக்குப் போகுது, எத்தனாவது துண்டு, எல்லாம் அதுல இருக்கும். நடுவுல இருக்குத மெஷின் சீட்டைப் பாத்துத் தள்ளிவிடும். சோத்தைத் தொடாது."

"நம்ம கண்டக்டர் அண்ணாச்சி மாதிரியா?"

"அவரு கீரை வாசத்துக்கு மூடியைத் திறந்து பாப்பாரும்மா"ன்னு சிரிச்சே.

அந்தச் சீட்டுல ஒரு எண்ணும் உண்டுன்னே. ஒவ்வொரு மெஷின்லயும் ஒண்ணு குறையும், சைபர் ஆனா தூரப் போட்டுரும். சோத்தைப் போயி தூரப் போடலாமாட்டின்னு நான் ஏசினேன். "போடலன்னா வழி தப்பின பொட்டலம் காலத்துக்கும் சுத்திக்கிட்டே கெடக்கும்மா. தூரப்போட்ட மெஷின் சும்மா இருக்காது. இங்கன வரைக்கும்தான் வந்துச்சுன்னு அனுப்பினவங்களுக்குத் தகவல் சொல்லும்"னே.

எனக்கு அந்தத் தகவலாவது வரணும் சிட்டு. ஆத்துல இறங்கி நின்னு தொண்டை கட்டுத மட்டும் உன்னைக் கூப்பிட்டேன். தண்ணி அது பாட்டுக்குப் போகுது. நான் கூப்பிடுதது எங்கன வரைக்கும் வருது? எங்கன விழுது? உங்கப்பா, "அழாத, அவ கேட்டுக்கிட்டுதான் இருப்பா"ங்காரு. கேட்டா ஒரு சத்தம் கொடுக்க மாட்டியா? என் சீட்டுல மட்டும் அந்த எண்ணு குறையவே மாட்டேங்குது. சுத்திக்கிட்டே கெடக்கேன்.

அண்ணாச்சி வாங்கலன்னா போகட்டும். வெள்ளிக்கிழமை சோறு நிக்காது. நீ எங்கன இருந்தாலும் சூடு ஆறும் முன்னால நானே தூக்கிக்கிட்டு வாரேன், இது சத்தியம்.

பழைய சீட்டுல பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுன்னு இருக்கு. அதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசு எழுத உக்காந்திருக்கேன். அனுப்புதது, சீவலப்பேரியில இருந்து உன்னைப் பெத்த அம்மா. அதை எழுதிட்டேன்.

போய்ச் சேருத இடம்னு என்ன எழுதட்டும், சிட்டு?